மெத்தைக் கடையிலிருந்து வந்த மிஸ்

பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராகச் சேர்வதற்கு முன்னால் அவர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. மகனுக்கு மீசை முளைத்து, அதை மழிக்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் விட்டார். கடைத்தெரு முனையில் இரண்டு தளத்தில் பெரிய கடை. கீழே சோபா, மேலே மெத்தை. மேல்தளத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மெத்தை வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. படுத்துப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் எதிரில் காலை நீட்டிப் படுக்க முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். "சும்மா படுங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்பார் இவர். படுப்பார்கள். கூரையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், வாய் திறந்துவிடும். இடுப்பு வலியில் ஆரம்பித்து, வீட்டுக்காரரின் குறட்டை, மேலதிகாரியின் குத்தல் பேச்சு, வெளியூர் போன மகன் போன் பண்ணாதது என்று ஒவ்வொன்றாக வரும். இவர் தலைமாட்டில் நின்று 'உச்' கொட்டிக்கொண்டே கேட்பார். கடைசியில், "உங்க கவலைக்கு ஸ்பிரிங் தாங்காது. நார் மெத்தை எடுத்துக்குங்க" என்று தீர்ப்புச் சொல்வார். வெறுங்கையோடு படியிறங்கியவர்கள் குறைவு.

ஒருநாள் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கும் அம்மாள் ஒருவர் வந்து படுத்து, படுத்தபடியே அழுது, எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீங்க இதை முறையாப் படிக்கலாமே" என்றார். மெத்தை வாங்காமலே போய்விட்டார். ஆனால் இவர் மனதில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. அஞ்சல் வழியில் சேர்ந்தார். பட்டம் வாங்கினார். அதற்கு மேல் ஒரு பட்டமும் வாங்கினார். இவருடைய கணவர் வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். "மெத்தைய வாங்குனவன் தூங்குறான், வித்தவ முழிச்சுக்கிட்டுப் படிக்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

சிக்கல் பயிற்சி வகுப்பில் வந்தது. ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் மாணவராகவும் நடிக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்த பெண், "எனக்கு எதுலயும் பிடிப்பு..." என்று ஆரம்பித்த மாத்திரத்தில் இவர் மூன்று யோசனை, இரண்டு உடற்பயிற்சி, ஒரு கைவைத்தியம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்.

பயிற்சியாளர் கையை உயர்த்தினார். "அவங்க இன்னும் வாக்கியத்தையே முடிக்கல. நீங்க பில் போட்டுட்டீங்க."

வகுப்பே சிரித்தது. இவரும்தான் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னது உண்மை என்று உறைத்தது. வாயை எப்படிக் கட்டுவது? பல வழிகளைப் பார்த்துத் தோற்ற பிறகு புளிப்பு மிட்டாயைக் கண்டுபிடித்தார். அறிவுரை தொண்டை வரை வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. மிட்டாயோடு பேசினால் எச்சில் வடியும் என்ற பயத்தில் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இப்படியாக ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே குறுகிய கால ஆலோசனை என்று நிர்வாகம் ஒரு திட்டம் போட்டிருந்தது. ஆளுக்கு ஆறு சந்திப்பு, வாரத்துக்கு ஒன்று.

"ஆறுல சரியாயிடுமில்ல?" என்று முதல் நாளே கேட்டார் தலைமையாசிரியை.

"நிறையப் பேருக்கு நல்லா முன்னேற்றம் தெரியும் மேடம். தெரியாதவங்கள டாக்டர்கிட்ட அனுப்பணும்."

"அப்ப ஆறுல சரியாகுற பிள்ளைங்களாப் பாத்து எடுத்துக்குங்க" என்று தலைமையாசிரியை பிரச்சினையை முடித்துவைத்தார்.

அறை என்று கொடுத்தது, உடம்பு சரியில்லாத பிள்ளைகளைப் படுக்கவைக்கும் சிக் ரூமை. ஒரு கட்டில், அதைச் சுற்றிப் பச்சைத் திரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை. கட்டிலுக்கு ஏற்கெனவே ஒரு உரிமைக்காரர் இருந்தார். கெமிஸ்ட்ரி சார். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குத் தினமும் தலைவலி வரும்; சரியாக அடுத்த வகுப்பு மணி அடிக்கையில் தீர்ந்துவிடும்.

"நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் பாட்டுக்கு ஓரமாப் படுத்துக்குறேன். நான் படுத்தா என் காதும் படுத்துடும்" என்றார் அவர்.

"அதெல்லாம் ஆகாது சார். பிள்ளைங்க பேசுறது வெளிய போகக் கூடாது."

"பதினாறு வயசுல என்ன மிஸ் சோர்வு? எனக்கு வரணும் சோர்வு. நூத்தம்பது பேப்பர் திருத்துறேன்."

மிஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். சில வாரங்களிலேயே பிள்ளைகள் அவருக்கு 'மிட்டாய் மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணை வகுப்பாசிரியர்தான் அனுப்பிவைத்தார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், பரீட்சைத் தாளில் தன் பெயரை மட்டும் அழகாக எழுதிவிட்டு வெற்றுத் தாளாக நீட்டியிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். தோழிகளோடு போவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அவளுக்கு வகுப்பில் பட்டப் பெயரே 'பரவாயில்ல'. ஏன் அப்படி என்பது முதல் சந்திப்பிலேயே மிஸ்ஸுக்கு விளங்கியது.

"எப்படிம்மா இருக்கே?"

"பரவாயில்ல மிஸ்."

"ராத்திரி தூக்கம்?"

"பரவாயில்ல மிஸ்."

"பசிக்குதா?"

"பரவாயில்ல."

"வெற்றுத் தாள் குடுத்தியாமே?"

"பரவாயில்ல மிஸ்" என்றாள், என்னமோ மிஸ்தான் கொடுத்துவிட்டு வருத்தப்படுவதைப் போல.

அரை மணி நேரத்தில் மிஸ் வரிசையாக மிட்டாய்களைத் தின்று தீர்த்தார். நாக்கு எரிந்தது. கதவருகே போன பெண் திரும்பினாள். "மிஸ், உங்களுக்கு சுகரா?"

"இல்லையே, ஏன்?"

"இல்ல, சுகர் இறங்குனா மிட்டாய் சாப்பிடுவாங்க. அதான்." போய்விட்டாள்.

அடுத்த வாரம் மிஸ் வந்த பஸ் வழியில் நின்றுபோனது. மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தால் அந்தப் பெண் சிக் ரூம் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் திரையை விலக்கிப் பார்க்க மறந்துவிட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். வழக்கமான பரவாயில்லைகள் முடிந்து மௌனம் வந்தது. மௌனத்தை உடைக்கக் கூடாது என்பது பயிற்சி. மிஸ் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை யாரோ உதைக்கும் சத்தம் கேட்டது. ஒரு உதை, இன்னொரு உதை. மூன்றாவது உதையில் வண்டி கிளம்பி, சீராக ஓட ஆரம்பித்தது.

"கெமிஸ்ட்ரி சார் மிஸ்" என்றாள் பெண்.

மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து திரையைப் பிடித்தார்.

"எழுப்பாதீங்க மிஸ், பாவம்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் குறட்டையைக் கவனித்துக் கேட்டாள். "எவ்வளவு நல்லாத் தூங்குறார். எனக்கு இந்த மாதிரி வந்தா என்ன வேணும்னாலும் குடுப்பேன்."

தன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. இந்த இடத்தில் 'தூக்கம் வர்றதில்லையா?' என்று மெதுவாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருட வியாபாரம் மிட்டாயைத் தாண்டிக் குதித்துவிட்டது.

"நீ படுக்குறது ஸ்பிரிங்கா, நாரா?"

"சோபா மிஸ்."

"சோபாவா! அதுல யாராவது படுப்பாங்களா? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

பெண் அவரை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு நாளும் படிப்பு, மார்க், எதிர்காலம் என்று கேட்டார்களே தவிர, அவள் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "அக்கா பாப்பாவோட வீட்டுக்கு வந்துட்டா மிஸ். என் ரூம் அவளுக்குக் குடுத்தாச்சு. பரவாயில்லன்னுதான் நானும்..." என்று ஆரம்பித்தவளை மிஸ் கையமர்த்தினார்.

"இரு. இங்க வேணாம். வா."

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது. அங்கேதான் மீதியைச் சொன்னாள். அக்கா வருவதற்கு ரொம்ப முன்னாலேயே எல்லாம் மங்கலாகிவிட்டது. காலையில் எழுந்தால் பல் தேய்ப்பது ஒரு மலை மாதிரி தெரிகிறது. தோழிகள் பேசுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுவது போல இருக்கிறது. எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் அக்காவைப் பார்த்து அழுகிறார்கள், பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நடுவில் இவள் வேறு போய் என்னத்தைச் சொல்வது?

மிஸ் வாயிலிருந்த மிட்டாயை எடுத்து எறிந்தார். சில கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?"

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சாகணும்னு இல்ல மிஸ். நாளைக்கு எந்திரிக்காம இருந்தா நல்லாயிருக்கும்னு இருக்கும்." பிறகு சொன்னாள், "இதக் கேட்டா நீங்க திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

திட்டவில்லை. அப்படித் தோன்றும் இரவில் யாரை எழுப்ப வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று இருவரும் பேசிவைத்தார்கள். அம்மாவிடம் எதையெதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். இந்த எண்ணத்தை மட்டும் அம்மாவிடம் மறைக்க முடியாது என்றும் சொன்னார். ஆறு வாரத்தில் சரிவராவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். மணி அடித்தது.

திரும்பி வந்து திரையைச் சரக்கென்று இழுத்தார். கெமிஸ்ட்ரி சார் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"என்ன கேட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் கேக்கல மிஸ். ஏதோ சோபான்னு மட்டும்..."

"அதையும் மறந்துடுங்க!"

மிஸ்ஸின் குரலில் இருந்த சூட்டில் அவருக்குத் தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தூக்கத்தை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். நீளமான கல்மேசை, மேலே மின்விசிறி, முகத்தில் ஈ மொய்க்காமல் இருக்க வெள்ளைக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார். இரண்டாம் நாளே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாக்பீஸ் வாங்க வந்து, கதவைத் திறந்து, மேசைமேல் கோட்டால் மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்து அலறிய அலறல் கடைசிக் கட்டிடம் வரை கேட்டது. அலறல் கேட்டு உருவம் எழுந்து உட்காரவே, அவள் இன்னும் பெரிதாக அலறிக்கொண்டு ஓடினாள். தலைமையாசிரியை, வாட்ச்மேன், பாதிப் பள்ளிக்கூடம் வந்து நின்றபோது சார் தலைமுடி கலைந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?"

"பரிசோதனை மேடம்" என்றார் பாவம்.

அதற்குப் பிறகு அவர் பகலில் தூங்கவே இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். சோபாவைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தப் பெண் வகுப்பில் ஜன்னலை வெறித்துக்கொண்டிருந்தால் முன்பெல்லாம் கத்துவார். இப்போது கரும்பலகையை லேசாகத் தட்டுவதோடு சரி.

மூன்றாவது சந்திப்புக்கு அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவர் நாற்காலி போதாமல் கட்டிலில் உட்கார்ந்தார். தோளில் பேரப்பிள்ளையின் பால் கறை. உட்கார்ந்த வேகத்தில் ஆரம்பித்தார்.

"இவளுக்கு என்ன குறை வச்சோம் மிஸ், சொல்லுங்க. பெரியவ ஒருபக்கம் அழுறா, பாப்பா ஒருபக்கம் அழுது. இவங்கப்பாவாவது கேக்குறாரா? பேப்பரத் தூக்கி மூஞ்சில வச்சுக்குறார். காலைல எந்திரிச்சா நான் உக்காருறதே இல்ல. இடுப்பு விட்டுப்போச்சு." பேசப் பேசத் தலையணைப் பக்கம் சாய்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." கால் தானாகக் கட்டிலுக்கு மேல் ஏறியது. "நான் என்ன வேத்து ஆளா..." கூரையைப் பார்த்தார். மிஸ் பழக்க தோஷத்தில் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டு 'உச்' கொட்டினார்.

அம்மா தூங்கிப்போனார்.

மகளும் மிஸ்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுப்பட்டுமா?" என்று ஜாடையில் கேட்டார் மிஸ்.

"வேணாம் மிஸ். அம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல" என்று கிசுகிசுத்தாள்.

அந்தச் சந்திப்பு முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. முன்பெல்லாம் எது பிடிக்கும் என்று மிஸ் கேட்டார். எதுவும் ஞாபகம் வரவில்லை என்றாள். ரொம்ப நேரம் கழித்து, வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று, வருகிற நாய் பூனைகளை வேடிக்கை பார்ப்பேன் என்றாள். இப்போது ஏன் பார்ப்பதில்லை? மனசு வரவில்லை.

"மனசு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். காலு போகட்டும். மனசு பின்னாடி வந்தா வரட்டும்" என்றார் மிஸ். இது அறிவுரையா என்று உடனே ஒரு சந்தேகம் வந்தது. இல்லை, பாடப் புத்தகத்தில் உள்ளதுதான் என்று சமாதானமானார். வாரத்தில் இரண்டு நாள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பது என்று முடிவானது.

மணிச் சத்தத்தில் அம்மா திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, என்ன முடிவாச்சு?"

மகள்தான் சொன்னாள். "அம்மா, சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு ரூம் வேணும். கதவைச் சாத்திக்குவேன். அப்புறம், ராத்திரி ரொம்ப ஒரு மாதிரி இருந்தா உன்னை எழுப்புவேன்."

"இதைச் சொல்லவா இங்க வந்தோம்? வீட்டுலயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன்மா. பாப்பா அழுதுச்சு, நீ போயிட்ட."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ முழிச்சுக்கிட்டுக் கிடக்குறது எனக்குத் தெரியும்டி. நானும் முழிச்சுக்கிட்டுதான் கிடப்பேன். நான் தூங்குறதா நீ நினைச்சுக்கணும்னு கண்ணை மூடிக்குவேன்" என்றார். மிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்க முயன்றார். அன்று அது தெரியவில்லை.

இதோடு எல்லாம் சரியாகியிருந்தால் நன்றாக இருக்கும். ஆகவில்லை. அடுத்த வாரம் வந்தவள், கிடைத்த ஒரு மணி நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்துக் கிடந்ததாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலுக்கும் போகவில்லை.

"தெரு முனை வரைக்கும் போனேன் மிஸ். திரும்பிட்டேன்."

மிஸ்ஸின் கை மிட்டாய் டப்பாவைத் தேடியது. பிறகு கையை எடுத்துவிட்டார். "தெரு முனை வரைக்கும் போனியா?"

"ம்."

"போன வாரம் எது வரைக்கும் போனே?"

அவள் யோசித்தாள். "சோபா வரைக்கும்."

சொல்லிவிட்டு அவளே சற்றுத் திகைத்தாள். மிஸ் சிரித்துவிட்டார். ஆலோசகர் அப்படிச் சிரிக்கலாமா என்பதைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை.

ஐந்தாவது வாரம் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தாள். "ஒரு நாய் மிஸ், இவ்வளவு பெருசு. வாசல்ல நாலு காலையும் பரப்பிக்கிட்டு உள்ள வரமாட்டேங்குது. அந்த ஆளு ஒல்லி. கெஞ்சுறார், பிஸ்கட் காட்டுறார். கடைசியில அதைத் தூக்குறார், தூக்குனா ஆளையே காணோம், நாய்க்குக் கீழ ரெண்டு கால் மட்டும் நடந்து போகுது."

"சிரிச்சியா?"

"சிரிப்பு வரல மிஸ்." உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது போல யோசித்தாள். "ஆனா இது சிரிக்கிற விஷயம்னு தெரிஞ்சுது. முன்னாடி அதுகூடத் தெரியாது."

மிஸ் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே போனார். பக்கத்திலிருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கடைசிச் சந்திப்புக்கு அவள் புறங்கையில் நீளமான கீறலோடு வந்தாள். மிஸ் பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பூனை மிஸ்!" என்று அவள் பெருமையோடு கையை நீட்டினாள். பூனைக் கூடையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கால்நடை டாக்டர், வாசலில் நின்ற இவளைக் கூப்பிட்டாராம். ஊசியும் போட்டாச்சாம். "பூனைக்கா, உனக்கா?" "ரெண்டு பேருக்கும்தான்." சாப்பாட்டு டப்பாவில் பாதியாவது சாப்பிடுகிறாள். மறுதேர்வில் பெயரைத் தவிரவும் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். சில இரவுகள் இன்னும் மோசம்தான். இரண்டு தடவை அம்மாவை எழுப்பினாள். இரண்டு தடவையும் அம்மா ஒன்றும் கேட்காமல் தள்ளிப் படுத்து இடம் விட்டார்.

ஏழாவதாக ஒரு சந்திப்புக்கு மிஸ் அனுமதி கேட்டார். "ஆறுன்னா ஆறுதான்" என்றார் தலைமையாசிரியை. ஆனால் மாதம் ஒருமுறை நலம் விசாரிப்பதைச் சந்திப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றும் அவராகவே சொல்லிவிட்டு, போன் வராமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பரீட்சை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மாடிப்படியில் அந்தப் பெண் எதிரே வந்தாள். இரண்டு தோழிகளோடு எதற்கோ காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். மிஸ் முகமெல்லாம் சிரிப்பாக ஒதுங்கி நின்றார். அவள் கண் மிஸ்மேல் பட்டது. பட்டு, சுவர்மேல் படுவது போலத் தாண்டிப் போனது. சண்டை படியிறங்கிப் போய்விட்டது.

சிக் ரூமுக்குப் போகிறவள் என்று தோழிகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பாள். இப்படி நடக்கும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன. கணவர் என்னவென்று கேட்டார். பிள்ளைகளின் விஷயத்தை இவர் வீட்டில் பேசுவதில்லை. "ஒரு பிள்ளை. இன்னைக்கு என்னைத் தெரியாத மாதிரிப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

கணவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "நான் எத்தனை ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணியிருப்பேன். ஒண்ணாவது என்னைப் பாத்து வணக்கம் சொல்லியிருக்குமா?"

"பிள்ளையும் ஃப்ரிட்ஜும் ஒண்ணாங்க?"

"இல்லதான். ஃப்ரிட்ஜ் திரும்பவும் என்னைக் கூப்பிடுச்சுன்னா நான் வேலைய ஒழுங்காப் பண்ணலேன்னு அர்த்தம்."

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க" என்று மிஸ் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "தட்டு வைங்க, சாப்பிடலாம்" என்று குரல் வந்தது. குரல் அவ்வளவு கோபமாக இல்லை.